மூடியின் உட்புறத்திலிருந்து தொடங்குங்கள்: 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பொன் பெட்டிகளைப் படிக்க ஒரு வழிகாட்டி

லண்டனில் உள்ள வாலஸ் கலெக்‌ஷனில் பொன் பெட்டிகள் இருந்த கண்ணாடிப் பேழையின் முன் முதல் தடவை அரை மணி நேரம் நின்றேன். வெளியே வந்து யோசித்தபோது, நினைவில் மிஞ்சியது மூடிகளின் மேல் இருந்த படங்கள் மட்டும்தான். ஆடு மேய்க்கும் பெண்கள், பூங்கொத்துகள், துறைமுகங்கள். அந்தப் படங்களைத் தாங்கி நின்ற பெட்டிகளை நான் பார்க்கவே இல்லை என்பது இரண்டாம் தடவை போனபோதுதான் புரிந்தது. புதிதாக இதில் ஆர்வம் கொள்பவர்கள் எல்லோரும் இடறுகிற இடம் இதுவே. படத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பெட்டியைப் பாருங்கள். முடிந்தால் மூடியைத் திறந்த நிலையில் பாருங்கள். அந்தப் பழக்கத்தைப் படிப்படியாக வளர்த்துக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

தொடங்கும் முன்: இவை எதற்காக?

பெரும்பாலானவை மூக்குப்பொடிப் பெட்டிகள். பிரெஞ்சில் தபாத்தியேர் என்பார்கள். நம் தாத்தாக்கள் மட்டையில் மடித்து மடியில் செருகிக்கொண்ட அதே பொடிதான். 1560 வாக்கில் ழான் நிக்கோ என்ற பிரெஞ்சுத் தூதர் லிஸ்பனிலிருந்து புகையிலையைப் பிரான்சு அரசவைக்கு அனுப்பிவைத்தார். நிக்கோட்டின் என்ற சொல்லே அவர் பெயரிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் பொடி போடுவது பாரிஸ் மேல்தட்டில் ஒரு நாகரிகச் சடங்காகிவிட்டது. பெட்டியை எடுப்பது, விரலால் தட்டுவது, திறந்து பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டுவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. பலர் பார்க்க அடிக்கடி வெளியே எடுக்கப்படும் பொருள் என்பதால்தான் அதில் அவ்வளவு பணம் கொட்டப்பட்டது. குளிர்காலத்துக்குக் கனமான பெட்டி, கோடைக்கு இலேசான பெட்டி என்று பருவத்துக்கு ஒன்று வைத்திருந்தார்கள் என்று அக்காலப் பாரிஸ்காரர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

எல்லாப் பெட்டியும் பொடிக்கானதல்ல. வட்டமாக, கீல் இல்லாமல் மூடி தனியே கழன்று வந்தால் அது பெரும்பாலும் மிட்டாய்ப் பெட்டி. உள்ளே கண்ணாடியும் சிறு அறைகளும் இருந்தால், முகத்தில் ஒட்டிக்கொள்ளும் கறுப்புப் பட்டுப் பொட்டுகளுக்கான பெட்டி. ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருந்தால் ஊசி, மெழுகு போன்றவற்றுக்கான உறை. இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

படி 1: எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்

ஒரு பெட்டி முன்னால் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: இது முழுக்கப் பொன்னா, பொன் சட்டமா?

முழுக்கப் பொன் என்றால் மூடி, அடித்தட்டு, பக்கச் சுவர் எல்லாம் பொன் தகடு. அலங்காரம் அந்தத் தகட்டிலேயே செதுக்கியோ, எனாமல் (சூட்டில் உருகி ஒட்டும் வண்ணக் கண்ணாடிப் பூச்சு) பூசியோ இருக்கும். இரண்டாவது வகைக்குக் கூண்டுப் பெட்டி என்று பெயர். பெயர் மிகப் பொருத்தம். பொன்னால் ஒரு மெல்லிய கூண்டு செய்து, அதன் பலகணிகளில் வேறு பொருள்களைப் பொருத்துவார்கள். அகேட், ஜாஸ்பர் போன்ற கற்கள், கிளிஞ்சல், ஆமையோடு, செவ்ர் பீங்கான், கண்ணாடிக்கு அடியில் சிற்றோவியம் என எதுவும் வரலாம். என் மனம் கவர்ந்தவை ஜப்பானிய அரக்குப் பலகைகள் பொருத்தியவை. டச்சு வணிகக் கப்பல்களில் ஐரோப்பாவுக்கு வந்த அரக்குப் பேழைகளைப் பாரிஸில் வாங்கி, அவற்றின் மேற்பரப்பை மெல்லிய ஏடாக அறுத்தெடுத்து, பொன் கூண்டில் பதித்தார்கள். ஜப்பானியக் கைவினைஞர் ஒருவர் மாதக்கணக்கில் அடுக்கடுக்காகப் பூசிய அரக்கு, பாரிஸ்காரர் சட்டைப்பையில் போய்ச் சேர்ந்தது. இந்த வகையில் ழான் டுக்ரொலே என்ற பொற்கொல்லரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1734இல் மாஸ்டர் (சங்கம் ஏற்றுக்கொண்ட பட்டறைத் தலைவர்) ஆனவர், பாரிஸின் பிளாஸ் தோஃபீனில் பட்டறை வைத்திருந்தவர்.

கூண்டு முறைக்கு அழகு மட்டும் காரணமல்ல. எனாமலை 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட வேண்டும், அதுவும் ஒரே தடவையில் முடியாது. பற்றவைத்து முடித்த பெட்டியை மறுபடி மறுபடி அடுப்பில் வைத்தால் பற்று இளகும், தகடு வளையும். பலகைகளைத் தனித்தனியே சுட்டுத் தேறியவற்றை மட்டும் கூண்டில் பொருத்தினால் ஒரு பலகை வெடித்தாலும் பெட்டி பிழைக்கும்.

உருவமும் காலத்தைக் காட்டும். 1720களிலும் 30களிலும் சிப்பி போல வளைந்த வடிவங்கள் அதிகம். 1750களில் செவ்வகம் ஆட்சி செய்தது. 1760களுக்குப் பிறகு நீள்வட்டம் பரவியது. பிறகு வட்டப் பெட்டிகளும் மூலை வெட்டிய செவ்வகங்களும் பெருகின. இது தோராயக் கணக்குதான். இதை மட்டும் நம்பி ஆண்டு சொல்லிவிடாதீர்கள்.

படி 2: கீலைத் தேடுங்கள்

நல்ல பாரிஸ் பெட்டியில் கீலைக் கண்டுபிடிப்பதே சிரமம். பின்பக்கச் சுவரின் மேல் விளிம்போடு விளிம்பாக, கட்டைவிரலை ஓட்டினால் தட்டுப்படாத அளவுக்கு அது புதைந்திருக்கும். சின்னஞ்சிறு பொன் குழாய்களை வரிசையாக, ஒன்றை மூடியிலும் அடுத்ததைப் பெட்டியிலும் என மாற்றி மாற்றிப் பற்றவைத்து, ஊடே ஒரு கம்பியைச் செருகியிருப்பார்கள். நம் பத்தர்கள் பற்றாசைப் ‘பொடி’ என்பார்கள். பொடி வைத்து ஊதும் அந்த வேலையில் பற்று ஒரு துளி கூடுதலாக ஓடினாலும் பக்கத்துக் குழாயையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், கீல் இறுகிவிடும். இத்தனை குழாய்களையும் ஒன்றும் ஒட்டாமல், ஒன்றும் ஆடாமல் நிறுத்தியவரின் கையை நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவு மெனக்கெட்டதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. மூடி சரியாகப் படியாவிட்டால் பொடி காய்ந்து மணம் போய்விடும், இல்லையென்றால் பட்டுச் சட்டையில் கொட்டும். ஆகவே, மூடியும் வாயும் இடைவெளி தெரியாமல் சேர வேண்டும். ஒரு பெட்டியைக் கையில் எடுக்கும் வாய்ப்பு என்றாவது கிடைத்தால் (ஏல நிறுவனங்களின் முன்காட்சியில் சில நேரம் கிடைக்கும்), மூடியை மெல்ல இறக்கி அந்தச் சத்தத்தைக் கேளுங்கள். அடக்கமான ஒரு சிறு ஒலி வரும். கீல் தேய்ந்த பெட்டியில் அது வராது.

படி 3: பொன்னின் நிறமும் பரப்பும்

பெரிய பொன் வேலைகளுக்குப் பிரெஞ்சுச் சட்டம் 22 காரட் கேட்டது. பெட்டி போன்ற சிறு வேலைகளுக்கு ஏறத்தாழ 20 காரட் போதும் என்று 1721இல் அனுமதி வந்தது. நம் நகைக்கடைக் கணக்கில் 22 காரட் 916 என்றால் 20 காரட் சுமார் 833. நகை வாங்கிப் பழகிய கண்ணுக்கு இதன் மாற்று, அதாவது பொன்னின் தூய்மை, தாழ்ந்ததாகத் தெரியலாம். ஆனால் மெல்லிய சுவரும் நுண்ணிய கீலும் உள்ள பொருளுக்குக் கொஞ்சம் கடினமான பொன்தான் நல்லது.

கலப்பை மாற்றினால் நிறமும் மாறும். செம்பு கூடினால் சிவப்பு, வெள்ளி கூடினால் பச்சை, இன்னும் வெள்ளி சேர்ந்தால் வெளிறிய பொன். இந்த நிறங்களை ஒரே மூடியில் சேர்த்து, பச்சைப் பொன்னில் இலை, செம்பொன்னில் பூ, வெண்பொன்னில் நாடா என்று சித்திரம் போல அமைப்பதே நால்வண்ணப் பொன் வேலை. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இது பெரும் மோகமானது. இன்று பார்க்கும்போது நிறங்கள் மங்கி ஒன்றுபோலத் தெரிந்தால் ஏமாற வேண்டாம், தலையைச் சற்றுச் சாய்த்து வேறு கோணத்தில் பாருங்கள். பச்சை சட்டென்று பிரிந்து தெரியும்.

அடுத்து, அலையலையாகவோ சூரியக் கதிர் போலவோ ஒழுங்காக ஓடும் கோடுகளைக் கவனியுங்கள். இது கில்லோஷே எனப்படும் கடைசல் வேலை. கையால் வெட்டியதல்ல. ஒரு தனிக் கடைசல் எந்திரத்தில் பெட்டியைப் பிடித்து வெட்டியது. இந்தக் கோடுகளின் மேல் ஒளி புகும் எனாமலைப் பூசினால், பள்ளத்தில் எனாமல் தடிமனாகத் தேங்கி அடர்நிறமாகவும், மேட்டில் மெலிந்து இளநிறமாகவும் தெரியும். ஒரே நீலம்தான், ஆனால் பெட்டியைத் திருப்பினால் தண்ணீர் அசைவது போல இருக்கும். புகைப்படத்தில் இது வராது. நேரில் பார்க்கப் போவதற்கு இந்த ஒன்றே போதுமான காரணம்.

எனாமல் உள்ள பெட்டியில் மூலைகளையும் விளிம்புகளையும் நன்றாகப் பாருங்கள். கீழே விழுந்தால் முதலில் சில்லாகத் தெறிப்பது அங்கேதான். இரண்டரை நூற்றாண்டுப் பெட்டியில் எங்கும் ஒரு கீறல்கூட இல்லை என்றால், எங்கோ திரும்பப் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகிப்பது நல்லது.

படி 4: முத்திரைகளைப் படியுங்கள்

இதுதான் இந்தக் கலையின் இதயம். கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

பாரிஸில் பொற்கொல்லர் தொழில் கறாரான சங்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. மாஸ்டர்களின் எண்ணிக்கை 300ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. எட்டு ஆண்டுகள் எடுபிடியாக வேலை கற்று, பிறகு கூலிக்குச் சில ஆண்டுகள் உழைத்து, தேர்வு வேலை ஒன்றைச் செய்து காட்டி, ஓர் இடம் காலியானால்தான் மாஸ்டர் ஆகலாம். மாஸ்டரின் மகனுக்கு வழி சுலபம். மாஸ்டரின் விதவை பட்டறையைத் தொடர்ந்து நடத்தலாம்.

அப்படிப்பட்ட ஒரு பட்டறையில் ஒரு பெட்டி உருவாவதைப் பின்தொடர்ந்து போவோம்.

தகடுகளை வெட்டி, முரட்டு வேலை முடிந்ததும் மாஸ்டர் தன் முத்திரையை ஒவ்வொரு முக்கியப் பாகத்திலும் அடிப்பார். மேலே கிரீடம் சூடிய லில்லி மலர், அதையொட்டி இரண்டு சிறு புள்ளிகள், கீழே அவர் பெயரின் முதலெழுத்துகள், நடுவே அவருக்கே உரிய ஒரு சின்னம். அடுத்து பாகங்கள் வரி அலுவலகத்துக்குப் போகும். பொன், வெள்ளிப் பொருள்களின் மீதான வரியை வசூலிக்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டிருந்தது. அந்தக் குத்தகைதாரர் ‘இந்தப் பொருள் என் கணக்கில் வந்துவிட்டது’ என்பதற்கு ஒரு முத்திரை அடிப்பார். அங்கிருந்து சங்கக் கட்டடத்துக்கு. அங்கே சங்கத்தின் மேற்பார்வையாளர்கள் மாற்றுப் பார்த்து, சரியாக இருந்தால் கிரீடம் சூடிய ஓர் எழுத்தை அடிப்பார்கள். எழுத்து ஆண்டுக்கு ஒருமுறை மாறும். மாற்றுக் குறைந்தால் பாகத்தை நசுக்கித் திருப்பித் தருவார்கள். தேறியது பட்டறைக்குத் திரும்பி, செதுக்கல், மெருகு, கல் பதிப்பு எல்லாம் முடிந்து, கடைசியாக வரியைக் கட்டியதும், ‘கட்டியாயிற்று’ என்ற நான்காவது முத்திரை விழும். முடிந்த வேலையைக் கெடுக்கக் கூடாதென்பதால் இது மிகச் சிறியது. ஒரு விலங்கின் தலை, ஓர் இலை போன்ற குட்டிச் சின்னமாக, விளிம்பில் ஒளிந்திருக்கும்.

ஆக, முதல் மூன்றும் பெரியவை, மூடியின் உட்புறத்திலும் அடித்தட்டின் உட்புறத்திலும் சுவரிலும் இருக்கும். வெளிப்புறத்தில் தேடாதீர்கள். அங்கே இருந்திருந்தால் உளி தின்றிருக்கும்.

இனி ஒரு பயிற்சி. மூடிக்குள் கிரீடம் சூடிய ‘ஜி’ எழுத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டெழுத்து வரிசையில் ஜே, யூ, டபிள்யூ மூன்றையும் விட்டுவிட்டதால் 23 எழுத்துகள்தான். 1764இல் ‘ஏ’யில் தொடங்கிய சுற்றில் எண்ணினால் ‘ஜி’ 1770. அதற்கு முந்தைய சுற்றில் ‘ஜி’ 1747. எழுத்தை மட்டும் வைத்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. இங்கேதான் வரிக் குத்தகைதாரர் கைகொடுக்கிறார். குத்தகை ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை கைமாறும், மாறும்போது முத்திரைகளும் மாறும். அந்துவான் லெஷோடெல் 1744 முதல் 1750 வரை, ழூலியன் பெர்த் 1756 வரை, எலுவா பிரிஷார் 1762 வரை, ழான்-ழாக் பிரெவோ 1768 வரை. அவருக்குப் பின் ழூலியன் அலாதேர். ‘ஜி’யோடு லெஷோடெலின் முத்திரை இருந்தால் 1747, அலாதேரின் முத்திரை இருந்தால் 1770. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. முத்திரை அட்டவணைகள் கிடைக்கின்றன. ஆனால் இரண்டு சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில் சுழல்கின்றன, அவை சந்திக்கும் புள்ளிதான் ஆண்டு என்பதைப் புரிந்துகொண்டால் போதும்.

அருங்காட்சியக அட்டைகளில் ‘1770–71’ என்று இரட்டை ஆண்டு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஐயத்தால் அல்ல. எழுத்து ஜனவரி முதல் தேதியில் மாறவில்லை, ஆண்டின் நடுவில் மாறியது.

இதோடு ஒரு சோதனையும் செய்துவிடுங்கள். மூடியிலும் அடித்தட்டிலும் ஒரே எழுத்தா? ஓர் எழுத்து முன்பின் இருந்தால் கவலையில்லை, வேலை இழுத்திருக்கும். இருபது ஆண்டு வித்தியாசம் இருந்தால் மூடி வேறெங்கிருந்தோ வந்தது.

1784இல் எழுத்து முறை மாறி, ‘பி’ எழுத்தோடு ஆண்டின் கடைசி இரு எண்களும் சேர்ந்து வரத் தொடங்கின. புதியவர்களுக்கு இந்தக் காலத்துப் பெட்டிகள் பெரும் நிம்மதி. 1791இல் சங்கமே ஒழிந்தது. 1797ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் வந்த பட்டறை முத்திரைகள் சாய்சதுர வடிவில் இருக்கும். லில்லி மலரும் கிரீடமும் போய்விட்டன. ஆகவே சாய்சதுரம் கண்ணில் பட்டால் அந்தப் பெட்டியை 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோக முடியாது. அட்ரியன்-ழான்-மக்சிமிலியன் வாஷேத் என்பவர் இந்த இரு உலகங்களிலும் வாழ்ந்தவர். 1779இல் மாஸ்டர் ஆனார், புரட்சியைத் தாண்டினார், நெப்போலியனின் காலத்தையும் தாண்டி 1839 வரை இருந்தார்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மாஸ்டரின் முத்திரை ‘இதன் மாற்றுக்கு நான் பொறுப்பு’ என்கிறது. ‘எல்லாம் என் கையால் செய்தேன்’ என்று சொல்லவில்லை. செதுக்கியவர் ஒருவர், கடைசல் பிடித்தவர் ஒருவர், எனாமல் தீட்டியவர் ஒருவர், வைரம் பதித்தவர் ஒருவர் என ஒரு பெட்டிக்குள் பல கைகள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எங்கும் இல்லை. அட்டையில் ஒரே ஒரு பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மற்றவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

படி 5: விற்றவரை மறக்காதீர்கள்

பெட்டியின் உள் விளிம்பில் சில நேரம் ‘ழோர்ழ், பாரிஸ்’ என்பது போலப் பெயர் பொறித்திருக்கும். அது பொற்கொல்லரின் பெயராக இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் பெட்டி போய்ச் சேர்ந்த வழி பெரும்பாலும் வேறு. பொற்கொல்லர்கள் பாரிஸின் நடுவே சேன் ஆற்றில் உள்ள சித்தே தீவில், கே தெஸ் ஓர்ஃபேவ்ர் கரையிலும் பிளாஸ் தோஃபீனிலும் சுற்றுப்புறத்திலும் பட்டறை வைத்திருந்தார்கள். அந்தக் கரையின் பெயருக்கே ‘பொற்கொல்லர் கரை’ என்றுதான் பொருள். (பின்னாளில் பாரிஸ் போலீஸின் துப்பறியும் பிரிவு அங்கே இருந்ததால் அந்த முகவரி வேறு காரணத்துக்காகப் புகழ்பெற்றது.) பணக்காரர்கள் போனதோ ஆற்றைத் தாண்டி ரூ சேன்-தொனோரே தெருவுக்கு. அங்கே மார்ஷாந்-மெர்சியே என்ற வணிகர்கள் இருந்தார்கள்.

‘எல்லாவற்றையும் விற்பவர்கள், எதையும் செய்யாதவர்கள்’ என்று அவர்களைப் பற்றி அக்காலத்தில் சொல்லப்பட்டது. சட்டப்படி அது உண்மை. அவர்கள் சங்கத்துக்குப் பொருள் உற்பத்தி செய்யும் உரிமை இல்லை. ஆனால் பொருளைச் சேர்க்கவும் அலங்கரிக்கவும் உரிமை உண்டு. ஒரு சங்கத்தைச் சேர்ந்த பொற்கொல்லர் தானே எளிதில் செய்ய முடியாததை இவர்கள் செய்தார்கள்: ஜப்பான் அரக்கை ஓரிடத்தில் வாங்கி, பீங்கானை இன்னோரிடத்தில் வாங்கி, ஓவியரையும் பொற்கொல்லரையும் சேர்த்து, அடுத்த பருவத்தில் அரசவை எதை விரும்பும் என்று கணித்தார்கள். புது மோஸ்தர் எங்கே பிறந்தது என்று கேட்டால், பாதிக்குமேல் இவர்கள் கடையில் என்றுதான் நான் சொல்வேன்.

இவர்களில் லசார் துவோ என்பவரின் விற்பனைப் புத்தகம், 1748 முதல் 1758 வரையிலானது, நமக்குக் கிடைத்திருக்கிறது. மன்னர் பதினைந்தாம் லூயியின் அன்புக்குரிய மதாம் த பொம்பதூர் அவருடைய பெரிய வாடிக்கையாளர். என்ன, யாருக்கு, என்ன விலைக்கு என்று நாள்வாரியாக எழுதிய கணக்கு அது. ஒரு வணிகரின் கணக்குப் புத்தகம் கலை வரலாற்றுக்கு எவ்வளவு பெரிய கொடை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

படி 6: பரிசாகப் போனதா என்று கேளுங்கள்

மன்னரின் உருவப்படம் பதித்து, சுற்றிலும் வைரம் வைத்திருந்தால் அது பெரும்பாலும் அரசுப் பரிசு. உடன்படிக்கை கையெழுத்தானாலும், தூதர் ஊர் திரும்பினாலும் இப்படி ஒன்று தருவது வழக்கம். தூதரின் தகுதிக்கு ஏற்ப வைரத்தின் அளவு. பெற்றவர் அதை வைரக்காரரிடம் விற்றுக் காசாக்கினாலும் யாரும் தவறாக நினைக்கவில்லை. மரியாதை படத்தில், சம்பளம் வைரத்தில்.

அமெரிக்காவின் தூதராகப் பாரிஸில் இருந்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1785இல் ஊர் திரும்பும் நேரத்தில் பதினாறாம் லூயி தன் சிற்றோவியத்தைப் பரிசளித்தார். சிக்கார்டி தீட்டிய அந்தப் படத்தைச் சுற்றி இரண்டு வளையங்களாக 408 வைரங்கள். (இத்தகைய வைரச்சட்டப் படத்தையும் பிரெஞ்சில் ‘பெட்டி’ என்றே சொன்னார்கள், பொடி வைக்கும் பெட்டியே இல்லாவிட்டாலும். பட்டியல்களைப் படிக்கும்போது இது குழப்பும்.) அந்நிய மன்னரின் பரிசை வாங்கலாமா என்பது அந்தப் புதிய குடியரசுக்குப் பெரிய கேள்வி, காங்கிரஸின் அனுமதி தேவைப்பட்டது. பிராங்க்ளின் அதைத் தன் மகள் சாராவுக்கு எழுதிவைத்தார், வைரங்களை நகையாக்கி அணியக் கூடாது என்ற வேண்டுகோளோடு. மகள் நகையாக்கவில்லை. வெளிவளைய வைரங்களை விற்றுக் கணவரோடு இங்கிலாந்துக்குப் பயணம் போனார். படம் இப்போது பிலடெல்பியாவில் உள்ள அமெரிக்கத் தத்துவக் கழகத்தில் இருக்கிறது. வைரங்களில் கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டன.

ஆகவே வைரம் இருந்த குழிகள் காலியாக இருந்தாலோ, அங்கே கண்ணாடிக் கற்கள் இருந்தாலோ பெட்டியைத் தாழ்வாக எண்ண வேண்டாம். அதன் வாழ்க்கை அப்படி.

படி 7: சந்தேகப்படக் கற்றுக்கொள்ளுங்கள்

19ஆம் நூற்றாண்டில் இந்தப் பெட்டிகளைச் சேகரிப்பது பெருமோகமானதும், பழைய பாணியில் புதிய பெட்டிகள் வரத் தொடங்கின. ஜெர்மனியின் ஹானாவ் நகரப் பட்டறைகள் இதில் பேர்பெற்றவை. வேலை மட்டமானது அல்ல, பல அருமையானவை. ஆனால் பாரிஸ் முத்திரை போலத் தோன்றும் முத்திரைகளை அடித்தார்கள். ஜெனீவாவிலும் இப்படி உண்டு. ஆகவே முத்திரை இருப்பது மட்டும் போதாது. நான்கும் ஒன்றோடொன்று காலத்தால் பொருந்த வேண்டும், சரியான இடத்தில் இருக்க வேண்டும். எல்லாம் பளிச்சென்று, ஒரே அளவில், வரிசையாக அடித்திருந்தால் எச்சரிக்கை. நான்கு இடங்களில் நான்கு பேர் அடித்தவை அவ்வளவு ஒழுங்காக அமையாது.

பின்னாளில் பிரான்சு அரசு அடித்த முத்திரைகளும் இருக்கும். கழுகுத் தலை 1838க்குப் பிந்தையது, ஆந்தை 1893க்குப் பிந்தையது. இவை பெட்டி பிறந்த ஆண்டைச் சொல்லவில்லை, பிற்காலத்தில் அது பிரான்சின் சந்தையில் கைமாறியது என்பதை மட்டும் சொல்கின்றன. ஆந்தையைக் கண்டதும் போலி என்று ஒதுக்கியவர்களையும், கழுகைக் கண்டதும் ‘பிரெஞ்சு, பழையது’ என்று மகிழ்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் அவசரம்.

படத்தையும் முத்திரையோடு ஒப்பிடுங்கள். பெட்டி 1758 என்று சொல்கிறது, மூடியில் உள்ள சீமாட்டியின் தலையலங்காரமோ 1770களின் கோபுரம் போல உயர்ந்து நிற்கிறது என்றால், படம் பிறகு செருகப்பட்டது. இதில் மோசடி இருக்க வேண்டியதில்லை. உரியவரே மனைவியின் படத்தை மாற்றி வைத்திருக்கலாம்.

வாங்கும் எண்ணம் இருந்தால் என் கருத்து: முதல் இரண்டு ஆண்டுகள் பணப்பையைத் திறக்காதீர்கள். பார்ப்பதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

லண்டனில் வாலஸ் கலெக்‌ஷன், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கில்பர்ட் தொகுப்பு இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. முதலில் போக வேண்டியவை இவை. பாரிஸில் லூவ்ரும், மாரே பகுதியில் உள்ள சிறிய கொன்யாக்-ழே அருங்காட்சியகமும். நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன். பயணம் செய்ய முடியாதவர்களுக்கு மெட்ரோபாலிட்டனின் இணையத்தளம் நல்ல தொடக்கம்: பல பெட்டிகளுக்குப் பெரிய படங்கள் இருக்கின்றன, முத்திரைகளை எழுத்தில் விவரித்திருப்பார்கள்.

சிறியவை, எளிதில் உருக்கக்கூடியவை என்பதால் இந்தப் பெட்டிகள் திருடர்களின் கண்ணில் எப்போதும் படுபவை. 2003 ஜூனில் இங்கிலாந்தின் வாடெஸ்டன் மாளிகையிலிருந்து நூறு அளவில் பெட்டிகளும் சிறு பொருள்களும் போயின. 2024 நவம்பரில் கொன்யாக்-ழேயில் பட்டப்பகலில், பார்வையாளர்கள் இருக்கும்போதே, கோடரியால் பேழையை உடைத்து ஏழு பெட்டிகளை எடுத்துச் சென்றார்கள். அவற்றில் சில பின்னர் மீட்கப்பட்டன. பேழைகள் தடிமனான கண்ணாடியோடு, கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பது ஏன் என்று சலித்துக்கொள்ளும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று பெட்டிகளுக்கு மேல் பார்க்காதீர்கள். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். கட்டுமானம், கீல், நிறம், தெரிகிற முத்திரைகள் என்ற வரிசையில் வரைந்து எழுதுங்கள். சிறு உருப்பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள். பல பேழைகளில் கண்ணாடி வழியாகவே அது உதவும். அட்டையைக் கடைசியில் படியுங்கள்.

இந்த வரிசையில் பழகிய பிறகு லூவ்ரில் ஷுவாசேல் பெட்டியைத் தேடிப் போங்கள். லூயி ரூசெல் செய்த பொன் கூண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும். ஆண்டு 1770–71. நாம் எண்ணிப் பார்த்த அந்த ‘ஜி’ ஆண்டேதான். பதினைந்தாம் லூயியின் முதன்மை அமைச்சர் ஷுவாசேல் பிரபுவின் பாரிஸ் மாளிகை அறைகளை லூயி-நிக்கோலா வான் பிளாரன்பெர்க் அதன் பலகைகளில் தீட்டியிருக்கிறார். நகத்தளவு சுவர்களில் மாட்டியிருக்கும் ஓவியங்கள் எவை என்று இன்றும் அடையாளம் காணலாம், அவ்வளவு நுட்பம். 1770 டிசம்பர் 24 அன்று மன்னர் ஷுவாசேலைப் பதவியிலிருந்து நீக்கி, ஷான்தெலூவில் உள்ள அவருடைய நாட்டுப்புற மாளிகைக்கு விரட்டினார். 1772இல் அந்த ஓவியங்கள் ஏலத்துக்குப் போய்ப் பல கைகளுக்குப் பிரிந்தன. பெட்டியின் பலகைகளில் மட்டும் அவை தத்தம் ஆணியில், பிரபு இன்னும் அங்கே இருப்பது போலவே மாட்டியிருக்கின்றன.